மூடாமல் விட்ட தட்டு

என் கைராசியால்தான் அந்தக் கண்ணாடித் துண்டுகள் மின்சாரம் தந்தன என்று நான் நம்பினேன்.

ஆமாம்... கைராசி! இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவன், கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் தலைமுடி கொட்டித் தீரும்வரை பாடம் நடத்தியவன், நம்பினேன். சிரியுங்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அதற்காகவே வாழ்நாள் முழுவதும் உழைத்திருக்கிறேன்.

ஆனால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். கைராசி என்று நம்பியது வெறும் முட்டாள்தனம். அதற்குப் பிறகு நான் செய்ததை முட்டாள்தனம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பூங்கொடி என்ற பெண்ணின் ஆராய்ச்சிப் படிப்பை நான் அழித்தேன். தெரிந்தே அழித்தேன். சட்டையின் இஸ்திரி கூடக் கலையாமல் அழித்தேன்!

முதலில் அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அயோக்கியத்தனத்தின் முழு அளவு உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

கட்டைவிரல் நகம் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் துத்தநாக ஆக்சைடைக் கண்ணுக்கே தெரியாத மெலிசில் பூசுவோம். அது கனிமம். அதற்குமேல் கார்பனால் ஆன பிளாஸ்டிக் படலம் ஒன்று. அது கரிமம். வெளிச்சம் பட்டால் கரிமத்தில் மின்னூட்டம் பிறக்கும். பிறந்தது ஆக்சைடுக்குள் தாண்டிப் போனால்தான் மின்சாரம். அந்த இரண்டும் தொட்டுக்கொள்கிற இடத்துக்கு இடைமுகம் என்று பெயர். சூரிய மின்கலம் என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதன் உயிர் அந்த இடத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வகுப்பில் இதைச் சம்பந்தி வீட்டுக் கதையாகச் சொல்வேன். இரண்டு வீட்டாரும் ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இரண்டு பக்கமும் பழகின ஓர் ஆள் நடுவில் வந்து உட்கார்ந்தால்தான் பேச்சு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் போதும். அந்த நடு ஆள் யார் என்று தேடுகிற வேலையைப் பூங்கொடியின் தலையில் கட்டியிருந்தேன்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் அவள் ஊர். வீட்டில் மரவள்ளி போடுகிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு என்னிடம் ஆராய்ச்சிக்கு வந்தவள். கீழே விடுதியில் தங்கி, விடுமுறைக்கு மட்டும் மலை பஸ் ஏறுவாள். பட்டம் முடித்தால் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். முடிக்காவிட்டால் விட்டுவந்த வேலையும் இல்லை, தேடிவந்த வேலையும் இல்லை. அது எனக்குத் தெரியும். என் நகைச்சுவைக்குச் சிரிக்காத ஒரே ஆள் அந்தத் துறையில் அவள்தான்.

ஒருமுறை கேட்டேன். "ஏம்மா, நான் சொன்னது புரியலியா?"

"புரிஞ்சிது சார். போன வருசமும் இதத்தான் சொன்னீங்க."

மாதக்கணக்காக எங்கள் கலங்கள் தூங்கின. மின்னூட்டம் எல்லைக்கோடு வரை வரும், அங்கேயே செத்துப்போகும். அப்படியிருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

நீங்கள் கடையில், பட்டறையில், பஸ்ஸில் செய்வதுதான். எங்கள் ஆய்வகத்திலும் செய்வோம். உதவியாளர் ஏழுமலை எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். வெற்றிடப் பம்புக்கு மாலை, கதவுக்கு மாவிலை, எல்லோருக்கும் பொரி, சுண்டல். அன்று காலையில்தான் பூங்கொடி ஒரு தட்டு நிறையக் கண்ணாடிகளுக்கு ஆக்சைடு பூசிச் சூடேற்றி ஆறவைத்திருந்தாள். மதியம் கரிமப் படலம் பூச வேண்டும். ஏழுமலை குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"சாமி கும்புட்ட பெறகு எதையும் தொடக் கூடாதும்மா. நாளைக்குத்தான் எடுக்கணும்."

"அப்ப மூடியாச்சும் போட்டுக்கிறேண்ணா. தூசி படும்."

"பூஜைக்கு வெச்சத யாராச்சும் மூடுவாங்களா? இன்னா படிச்ச பொண்ணு நீ!"

அவள் என்னைப் பார்த்தாள். வழிகாட்டி அல்லவா நான்! வழி காட்ட வேண்டாமா? "வுடும்மா... சரஸ்வதியும் ஒரு தடவ நம்ம ஆக்சைடப் பாக்கட்டும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தட்டு திறந்தே கிடந்தது.

பிறகு நான் பூசாரி ஆனேன். இடுப்பில் துண்டு, கையில் தூபக்கால், அதில் கணகணவென்று கரி நெருப்பு. கட்டிச் சாம்பிராணியைப் பிடி பிடியாக அள்ளிப் போட்டேன். ஆய்வகம் முழுக்கப் புகை! பம்புக்குக் காட்டினேன், கணினிக்குக் காட்டினேன், அந்தத் தட்டின்மேல் மூன்று சுற்று சுற்றி, "நீங்களும் நல்லா இருங்கடா" என்று ஆசீர்வாதம் வேறு. அலமாரியில் வரிசையாக டொலுயீன் பாட்டில்கள் இருந்தன. பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும் திரவம். அவற்றுக்கும் தூபம் காட்டினேன்! ஒரு பொறி பறந்திருந்தால் கல்லூரியின் கூரை நைனார்பாளையத்தில் விழுந்திருக்கும். எங்கள் முதல்வர் இருமிக்கொண்டே சிரித்தார். சுண்டலை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார்.

மறுநாள் விஜயதசமி. எதையும் தொடங்க நல்ல நாள். "இன்னிக்கு நானே பூசறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்தக் கண்ணாடிகளில் கரிமப் படலத்தை என் கையால் பூசினேன். வருடக்கணக்கில் நான் ஒரு சொட்டுக்கூடப் பூசியதில்லை. அன்று பூசினேன்.

விளக்கின் கீழ் வைத்து அளந்தோம். கலங்கள் விழித்துக்கொண்டன! ஒன்று இரண்டு இல்லை, தட்டு முழுவதும். தாண்டாத எல்லையை மின்னூட்டம் தாண்டியது. பூங்கொடி அளவுமானியைத் தட்டிப் பார்த்தாள், கம்பிகளைக் கழற்றி மாட்டினாள், திரும்ப அளந்தாள். அவளுக்குச் சந்தேகம். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. "நம்ம கை வெச்சா வெளங்காமப் போவுமா?" என்று அறையைச் சுற்றி ஆடினேன்.

"சார், ஏன் வந்துதுன்னு தெரியல சார்" என்றாள்.

"வந்துச்சில்ல? அப்பறம் ஏன், எதுக்கு!"

இதைச் சொன்னவன் ஆராய்ச்சி வழிகாட்டி! எழுதும்போதே என் கையை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒரு கருத்தரங்கில் போய் மார்தட்டினேன். கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினேன். முதல் பெயர் என்னுடையது. கைராசிக்காரன் முன்னால் வர வேண்டாமா?

அதற்குப் பிறகு அந்த அளவு ஒருமுறைகூட வரவில்லை. பூங்கொடி பூசினாள், வரவில்லை. நான் பூசினேன், வரவில்லை. குளித்துவிட்டு வந்து பூசினேன், வரவில்லை! அதற்குள் ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. எண்கள் நம்பும்படி இல்லை, மறுபடி செய்து காட்டுங்கள், மூலத் தரவுகளை அனுப்புங்கள் என்று.

பயம் வந்தால் சிலர் கடவுளைக் கூப்பிடுவார்கள். நான் கழிப்பறைக்கு ஓடுவேன். அந்த வாரம் பாடம் நடத்தியதைவிட அங்கே உட்கார்ந்திருந்த நேரம்தான் ஜாஸ்தி. அங்கே உட்கார்ந்துதான் எனக்கு ஞானோதயம் வந்தது. கை என்னுடையது, அளந்தது யார்? பூங்கொடி! எண்களை எழுதியது யார்? பூங்கொடி! அப்படியானால்...

எவ்வளவு வசதியான எண்ணம், பாருங்கள். வெற்றி வந்தபோது என் கை. வெற்றி போனபோது அவள் கை.

அவள் அளப்பதை வேவு பார்க்க, ஒரு மதியம் நைட்ரஜன் சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் தொப்பைக்குச் சிலிண்டர் போதவில்லை. ஏழுமலை வந்து நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"சார்... இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"பல்லி தேடறேன்பா."

"பல்லி சொவுத்துலதான சார் இருக்கும்?"

பூங்கொடி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போனது. அளவுமானியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அந்த மரியாதை இருக்கிறதே... அதற்குப் பதில் அவள் இரண்டு திட்டு திட்டியிருக்கலாம்!

இரண்டொரு நாளில் ஆசிரியர் அறைக்கு வந்தாள். நாங்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"சார், ஒன்னு தோணுது. அன்னிக்குத் தட்டு மூடல. நீங்க சாம்பிராணி காட்டுனீங்க. ராத்திரி பூரா அப்படியே கெடந்துது. ஆக்சைடு மேல புகை படிஞ்சிருக்குமா சார்? ஒருக்கா செஞ்சி பாக்கட்டுமா?"

சக ஆசிரியர்கள் என்னைப் பார்த்தார்கள். நகைச்சுவைக்காரனுக்கு இது எவ்வளவு ஆபத்தான நிமிடம் என்று உங்களுக்குத் தெரியாது. சிரிப்பை நீங்கள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது உங்கள்மேல் விழும்.

"செய்யலாம்மா! சாம்பிராணிக்கு வரலேன்னா அடுத்த வாரம் தீ மிதிச்சிப் பாக்கலாம். அதுல வோல்டேஜ் நல்லா ஏறும்!"

டீ புரையேறச் சிரித்தார்கள். அது போதாதென்று, "லேபுக்குள்ள நெருப்புக் கொண்டாரக் கூடாதும்மா, விதி தெரியாதா ஒனக்கு?" என்றும் சொன்னேன். நான்! தூபக்காலோடு ஆடிய நான்!

அவள் சிரிக்கவில்லை. "சரிங்க சார்" என்று போய்விட்டாள்.

மறுநாள் முதல்வரிடம் போனேன். மாணவியின் தரவுகளைச் சரிபார்த்தால் நல்லது என்று பக்குவமாக, பொறுப்புள்ள மனிதன் மாதிரி சொன்னேன். விசாரணைக் குழு போட்டார்கள். அது முடியும்வரை பூங்கொடி ஆய்வகத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. அவள் தன் கண்ணாடிகளைச் சின்னச் சின்ன டப்பாக்களில் பத்திரமாக அடுக்கி எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள்.

இதுவரை நான் சொன்னதற்கு மன்னிப்பு உண்டு. பயந்தான், குழம்பினான், தப்பாக நினைத்தான் என்று நீங்களே எனக்காகப் பேசியிருப்பீர்கள். பேசாதீர்கள். இனிமேல்தான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆய்வகச் சாவி என்னிடம் இருந்தது. அவள் சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஏன் போனேன்? அவளைக் காப்பாற்றவா? இல்லை! அவள் சொன்னது தப்பு என்று எனக்கு நானே உறுதி செய்துகொள்ள. வீட்டிலிருந்த கப் சாம்பிராணியைக் கொண்டுபோய், ஆக்சைடு பூசிய கண்ணாடிகளின்மேல் புகை காட்டி, படலம் பூசி அளந்தேன். ஒன்றும் வரவில்லை. பழைய தூக்கம்தான்.

எனக்குச் சந்தோஷம் வந்தது. கேட்டீர்களா? ஒரு பெண்ணின் கடைசி வாதமும் செத்துப்போனதற்கு நான் சந்தோஷப்பட்டேன். விசிலடித்துக்கொண்டு அறையைப் பூட்டினேன்.

பூட்டும்போதுதான் உறைத்தது. அன்று போட்டது கப் சாம்பிராணி இல்லையே... கட்டிச் சாம்பிராணி.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "வூட்ல எதனா விசேஷமா சார்?" என்றார்.

"இல்லீங்க, ஆராய்ச்சி."

"சாம்பிராணில இன்னா சார் ஆராய்ச்சி!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஆளும் சிரித்தார். என் காது சூடாகிவிட்டது. பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, திருட்டு நகை வாங்கியவன் மாதிரி ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

ஆய்வகத்துக்கு வெளியே, மரத்தடியில் கரியைப் பற்றவைத்து, ஒரு பெட்டிக்குள் கண்ணாடிகளுக்குப் புகை காட்டினேன். உள்ளே கொண்டுபோய்ப் படலம் பூசினேன். வெற்றிடப் பம்பை ஓட்டி, மேலே உலோக முனை வைத்தேன். அளந்தேன்.

விழித்துக்கொண்டன.

தட்டு முழுவதும்.

எத்தனை தடவை அளந்திருப்பேன்! குறைந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டே அளந்தேன். குறையவில்லை. அப்புறம் உட்கார்ந்து படித்தேன். கட்டிச் சாம்பிராணிக்குள் பென்சாயிக் அமிலம் இருக்கிறது; கப் சாம்பிராணியில் பெரும்பாலும் கரித்தூளும் வாசனையும்தான். சுட்டால் ஆவியாகப் பறந்து எதிர்ப்பட்டதன்மேல் படியும். அதன் ஒரு முனை ஆக்சைடை இறுகப் பிடித்துக்கொள்ளும். மறுமுனைக்குக் கரிமத்தோடு ஒட்டு உறவு. ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்கு அது நடுவில் போய் உட்கார்ந்தால் போதும், மின்னூட்டம் தாண்டிவிடும். உலகத்தில் பலர் இதை நல்ல முறையில், சுத்தமான கரைசலில் செய்து வருகிறார்கள். நாங்கள் துண்டு கட்டி ஆடிச் செய்திருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, அவள் எண்கள் உண்மை. அவள் ஊகமும் உண்மை. எனக்குத் தெரிந்துவிட்டது. விசாரணைக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு போன் போதும். "பூங்கொடி, நீ சொன்னது சரிம்மா." இவ்வளவுதான் வசனம். நான் போன் செய்யவில்லை. குழுவில் எல்லோர் முன்னாலும் சொல்லி அசத்திவிடலாம் என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்றுகூடக் குறித்து வைத்தேன். அட, மானங்கெட்டவனே!

விசாரணை நாள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர்தான் தலைவர். அவர் காரின் முன்னால் திருஷ்டிக் கயிறும் எலுமிச்சம்பழமும் தொங்கின. பக்கத்தில் இன்னொரு உறுப்பினர். அந்தப் பக்கம் எங்கள் முதல்வர். பூங்கொடி டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை.

"எண்கள நான் மாத்தல சார். ஆயுத பூஜ அன்னிக்குச் சாம்பிராணிப் புகை பட்டுது. அதுதான் காரணமா இருக்கும். ஒருக்கா செஞ்சி காட்ட அனுமதி குடுங்க" என்றாள்.

உறுப்பினர் நாற்காலியில் சாய்ந்தார். "சாம்பிராணி போட்டா கரண்ட் வருமா? அப்ப மின்வாரியத்த மூடிட்டு எல்லாரும் பூஜ பண்ணலாமே!"

அறையே சிரித்தது.

நானும் சிரித்தேன்.

பழக்கம்! ஒருவர் நகைச்சுவை சொன்னால் என் வாய் தானாகத் திறக்கும். திறந்த வாயை எப்படி மூடுவது, எந்த முகத்தோடு "ஆமாம், வரும்" என்று சொல்வது... அதை நான் ஒத்திகை பார்க்கவில்லை.

தலைவர் சிரிக்கவில்லை. முதல்வரைத் திரும்பிப் பார்த்தார். முதல்வர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "பூஜைக்கு வந்தேன்... புகையெல்லாம் ஞாபகம் இல்லீங்க" என்றார். சுண்டல் ஞாபகம் இருக்குமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

"ஏழுமலை அண்ணனக் கூப்புட்டுக் கேளுங்க சார்" என்றாள் பூங்கொடி.

"வழிகாட்டியே இருக்காரு, அட்டெண்டர எதுக்கும்மா?" என்று சொல்லிவிட்டுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "டாக்டர், டொலுயீன் வெச்சிருக்கிற லேபுக்குள்ள நெருப்புக் கொண்டு வந்தீங்களா? நேராச் சொல்லுங்க."

எப்படி அந்த அளவு வந்தது என்று கேட்பார்கள், சொல்லலாம் என்று போனவன் நான். அவர் நெருப்பைப் பற்றிக் கேட்டார். ஆமாம் என்றால் அங்கேயே தற்காலிகப் பணிநீக்கம். அதைவிட, அடுத்த நாள் ஆசிரியர் அறையில்... "பூசாரி வந்துட்டாருப்பா!" இரண்டில் எதற்கு நான் அதிகம் பயந்தேன் என்று கேட்கிறீர்களா? இரண்டாவதற்கு! வேலை போவதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு, தன்னைப் பார்த்து நாலு பேர் சிரிப்பதைத் தாங்க முடியவில்லை.

"நெருப்பா? அதெல்லாம் இல்லீங்க சார். சந்தனம், குங்குமம் மட்டும்தான்" என்றேன்.

முதல்வர் தலையாட்டினார். தலைவர் எழுதிக்கொண்டார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள். நீங்கள் நல்லவர் என்று தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? கெட்டவர் என்றாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

தாழ்வாரத்தில் பூங்கொடி எனக்காகக் காத்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் ஒரு பதில் சொல்லிச் சமாளிக்கலாம் என்றுகூட நினைத்தேன். அவள் அழவும் இல்லை.

"நீங்க ஜோக் அடிக்கிறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். அடுத்த வார்த்தையில சொல்லிருவீங்கன்னு... கடைசி வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன்."

அவள் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். வெள்ளிமலை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அவளைப் பற்றி ஏழுமலை எப்போதாவது சொல்வார். மேலேயே இருக்கிறாளாம், மரவள்ளிக் கொல்லையைப் பார்த்துக்கொள்கிறாளாம். நான் மலைக்குப் போகவில்லை. போக பஸ் இருக்கிறது. தினமும் இருக்கிறது. போகவில்லை. இதை எழுதி முடித்த பிறகாவது குழுத் தலைவருக்கு அனுப்புவேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். பூங்கொடி தரவுகளைத் திரித்ததாக முடிவு செய்து, ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்தார்கள். அவள் திரிக்கவில்லை. நான் பென்சாயிக் அமிலத்தைப் பாட்டிலில் வாங்கி, கரைசலாக்கி, அதே ஆக்சைடின்மேல் பூசி அளந்து, அதே எண்களை எடுத்துப் புதிய கட்டுரை எழுதினேன். அது வெளிவந்தது. அதில் என் பெயர் மட்டும் இருக்கிறது.